முரளிதரன் ‘நம்ம ஆளா’, ‘துரோகியா’? ரெண்டு பக்கமும் தவறவிடும் விஷயம்

தாராசுரம் கோயில் பக்கத்து டீக்கடை. தறியை நிறுத்திட்டு வந்த அண்ணன் ஒருத்தர் போனில் பழைய கிரிக்கெட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். முத்தையா முரளிதரன் போட்ட பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் குத்தி, உள்ளே திரும்பி ஸ்டம்பைச் சாய்க்கிறது. “என்னா மனுஷன்யா... நம்ம ஆளு” என்றார். பெஞ்சில் இருந்த காலேஜ் தம்பி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “யாருண்ணே நம்ம ஆளு? போர் முடிஞ்சதை சந்தோஷம்னு சொன்னவரா?”

அவ்வளவுதான். அடுத்த கால் மணி நேரம் ரெண்டு பேர் டீயும் ஆறிப்போனது.

முரளிதரன் பெயர் வந்தாலே தமிழ் ரசிகர்கள் இப்படி ரெண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். அவர் டெஸ்ட்டில் இருந்து ஓய்வு பெற்றது 2010-ல். இன்னும் சண்டை ஓயவில்லை. ஏன்?

‘நம்ம ஆளு’ ஆனது எப்படி?

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானத்தில் பாக்ஸிங் டே டெஸ்ட். ஆஸ்திரேலிய நடுவர் டேரல் ஹேர், முரளி பந்தை எறிகிறார் என்று சொல்லி 7 முறை நோபால் கொடுத்தார். சில நாளிலேயே, 1996 ஜனவரியில், பிரிஸ்பேனில் இன்னொரு நடுவர் ராஸ் எமர்சன் அதையே செய்தார். 1999-ல் அடிலெய்டில் எமர்சன் மறுபடியும் நோபால் சொன்னபோது, கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப் போய்விட்டார். 2004-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே முரளி பந்தை எறிபவர் என்று பேச, அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்தையே முரளி தவிர்த்தார்.

பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. பரிசோதனைக் கூடங்களில் பலமுறை பந்து போட்டுக் காட்டினார். பிறகு ஐசிசி, எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 டிகிரி வரை முழங்கை வளைவு நிமிரலாம் என்று விதியை மாற்றியது. 2010 ஜூலையில் காலே மைதானத்தில் இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-வது விக்கெட்டோடு முடித்தார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

இங்கே அவரை ஏன் கொண்டாடினோம் என்பது இதில் இருக்கிறது. இலங்கை அணியில் ஒரே தமிழ்ப் பெயர், அவரை வெள்ளைக்கார நடுவர்கள் துரத்துகிறார்கள், அவர் சிரித்துக்கொண்டே விக்கெட் எடுக்கிறார். போதாதா? 2005-ல் சென்னை மாப்பிள்ளை ஆனார். 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையும் போட்டார். அவர் அரசியல் என்ன என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ‘நம்ம ஆளு’ என்ற பட்டம் நாமாகக் கொடுத்தது. அவர் கேட்டு வாங்கியது இல்லை.

அவர் என்னதான் பேசினார்?

ரசிகர் சண்டைகளில் தேதியும் வார்த்தையும் முதலில் காணாமல் போகும். அதனால் வரிசையாகப் பார்ப்போம்.

2013 நவம்பர். கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் யாழ்ப்பாணம் போய், காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு வந்தார். கேமரூனுக்குத் தவறான தகவல் தந்திருக்கிறார்கள், வடக்கில் நிலைமை முன்னேறியிருக்கிறது என்ற பொருளில் முரளி பேட்டி கொடுத்தார். அதே மாதம்தான் தஞ்சாவூர் பக்கத்தில் விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பட்டது. திறந்த சில நாளிலேயே அதன் சுற்றுச்சுவர் அதிகாரிகளால் இடிக்கப்பட்டது. டெல்டாவில் கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த பேட்டி அது.

2019. இலங்கை அதிபர் தேர்தல் நேரம். கோத்தபய ராஜபக்சவை ஆதரித்து மேடையேறினார். போரின் கடைசிக் கட்டத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோத்தபய. 2009-ஐ மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்ததாக முரளியின் பேச்சு ஊடகங்களில் வந்தது.

2020 அக்டோபர். அவர் வாழ்க்கையை வைத்து ‘800’ படம், நாயகன் விஜய் சேதுபதி என்று அறிவிப்பு. இயக்குநர் பாரதிராஜா முதல் சீமான் வரை எதிர்ப்பு கிளம்பியது. போர் முடிந்ததால் ரெண்டு பக்கமும் சாவு நின்றது, அதைத்தான் சொன்னேன், அப்பாவி மக்களின் கொலையை நான் ஆதரித்ததில்லை என்று முரளி விளக்கம் கொடுத்தார். பிறகு அவரே விஜய் சேதுபதியை விலகிக்கொள்ளச் சொன்னார், அவரும் விலகினார். படம் மதுர் மிட்டல் நடிப்பில் 2023 அக்டோபரில் வெளியானது.

‘விளையாட்டு வேற, அரசியல் வேற’ என்றால்?

அண்ணன் கட்சியின் முதல் வாதம் இதுதான். கேட்க நல்லாயிருக்கு, ஆனா நிற்காது. கோட்டைத் தாண்டி மேடைக்குப் போனது அவர்தானே. விக்கெட் எடுத்துச் சேர்த்த பெயரை ஒரு வேட்பாளருக்காகப் பயன்படுத்தினால், அந்தப் பெயரைக் கேள்வி கேட்க மக்களுக்கும் உரிமை உண்டு.

2020-ல் கொடுத்த விளக்கத்தையும் அப்படியே விழுங்க முடியாது. கடைசிக் கட்டப் போரில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐநா நிபுணர் குழு 2011-ல் சொன்னது. ‘சாவு நின்றது’ என்று ஒருவர் நிம்மதி கொள்வதில் தப்பில்லை. ஆனால் பிள்ளையின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது பதில் இல்லை. அந்த அம்மாக்களைப் பார்த்துவிட்டு வந்தவருக்கே தவறான தகவல் கிடைத்தது என்று சொன்னதுக்கு, முரளி இன்னும் சரியான விளக்கம் தரவில்லை என்பதே என் கருத்து.

அப்போ ‘துரோகி’யா?

அதுவும் நிற்காது. காரணம், நாம் வசதியாக மறந்துவிட்ட ஒரு வரலாறு.

முரளி யாழ்ப்பாணத்துக்காரர் இல்லை. கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். 19-ம் நூற்றாண்டு முதல் காபி, தேயிலைத் தோட்ட வேலைக்காக ஆங்கிலேயர்கள் கப்பலேற்றிய ஜனங்களின் வாரிசு. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று இங்கிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிப் போனவர்கள் அவர்கள்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக ஆக்கினார்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மனிதர்களை மூட்டை மாதிரி பங்கு பிரித்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இங்கே வந்து சேர்ந்தவர்களையும் ‘சிலோன்காரங்க’ என்று தள்ளித்தான் வைத்தோம்.

அங்கே தங்கியவர்கள் சிங்களப் பெரும்பான்மைக்கு நடுவே வாழ வேண்டியிருந்தது. 1977 இனக்கலவரத்தில் முரளி குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது, அவர் அப்பாவுக்கு வெட்டு விழுந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவருக்குப் பயமும் தெரியும், பக்கத்து வீட்டோடு அனுசரித்துப் போகும் பழக்கமும் இருக்கும். ஈழத்தின் குரலாக அவர் இருக்க வேண்டும் என்று எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்? கொடுக்காத வாக்கை மீறினார் என்று ஒருவரைத் துரோகி என்பது எப்படி நியாயம்?

2013-ல் நடந்தது நினைவிருக்கலாம். இலங்கை வீரர்கள் சென்னையில் ஐபிஎல் ஆடக் கூடாது என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா சொல்ல, ஐபிஎல் நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. அந்தத் தடையில் பெங்களூரு அணியில் இருந்த முரளியும் அடக்கம். அங்கே தமிழன் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, இங்கே சிங்கள அரசின் ஆள் என்று வெளியே நிறுத்தப்பட்டார். இதில் இருக்கும் முரணை அன்று நாம் பேசவே இல்லை.

2020-ல் அது இன்னும் கீழே போனது. விஜய் சேதுபதியின் மகளுக்கு இணையத்தில் பாலியல் மிரட்டல் விட்டார்கள். ஒரு சின்னப் பெண்ணை மிரட்டுவதை எந்த இன உணர்வுக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அது அசிங்கம்.

அப்போ எப்படித்தான் பேசுவது?

‘நம்ம ஆளு’, ‘துரோகி’ ரெண்டும் ஒரே தப்பில் இருந்து வருவதாக எனக்குத் தோன்றுகிறது. தமிழ்ப் பெயர் இருந்தால் நம் மனசில் இருப்பதையே பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. பேசினால் தலையில் வைத்து ஆடுவோம், பேசாவிட்டால் சாதனையையும் சேர்த்து அழிப்போம்.

800 விக்கெட்டை யாரும் திருப்பி வாங்க முடியாது. மெல்போர்னில் அவருக்கு நடந்தது அநியாயம் என்பதும் மாறாது. அதே மாதிரி, 2013 பேட்டியும் 2019 மேடையும் அந்த விக்கெட்டுகளால் மறையாது. பேசியதைத் தேதியோடு எடுத்து வைத்து, இது தப்பு, இதற்குப் பதில் சொல்லுங்கள் என்று கேட்கலாம். அவர் பிறப்பையும் தமிழையும் இழுக்காமலே கேட்கலாம். அப்படிக் கேட்டால்தான் அவரும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். ‘துரோகி’ என்று கத்தினால், கத்துகிறவர்களைக் காட்டியே அவர் தப்பித்துக்கொள்ளலாம்.

டீக்கடையில் கடைசியில் அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டான். “மலையகத் தமிழர்னா, நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து போனவங்களாண்ணே?” அண்ணனுக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமா முரளியைப் பற்றி அடித்துக்கொண்ட நாம், முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.