பத்து பவுண்ட் வீடு

ஒரு வீட்டின் விலை பத்து பவுண்ட்னு சொன்னா நம்புவீங்களா? இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் இருக்கும் 'கிளெர்ஜி ஹவுஸ்' என்ற வீட்டை நேஷனல் டிரஸ்ட் 1896-இல் அந்த விலைக்குத்தான் வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே அதுதான். 14-ஆம் நூற்றாண்டு வீடு. வாங்கும்போது விழுந்துவிடும் நிலை. இன்னைக்கும் நிக்குது.

எப்படி?

இந்த வகை வீட்டில் சுமையைத் தாங்குவது ஓக் மரச் சட்டகம். தூண், உத்தரம், மூலைகளில் சாய்வுக் கட்டை. நம்ம ஆர்.சி.சி. ஃப்ரேம் மாதிரிதான். இடையில் இருக்கும் சுவர் வெறும் அடைப்பு: குச்சிப் பின்னலின் மேல் களிமண், வைக்கோல், சாணம் கலந்த பூச்சு. ஒரு கட்டையின் கழுந்து அடுத்த கட்டையின் துளைக்குள் நுழையும். குறுக்கே மர முளை அடிப்பார்கள். முளைக்கான துளைகளைச் சற்றே விலக்கிப் போட்டிருப்பதால், முளை இறங்க இறங்க இணைப்பு இறுகும். ஈரம் காயாத பச்சை மரம் என்பதால் பின்னால் கொஞ்சம் கோணும். கோணட்டுமே!

என்னைக் கேட்டா, இந்த வீடுகள் நிலைத்ததற்கு முக்கியக் காரணம், ரிப்பேர் பண்ண முடிவதுதான். தூணின் அடி மக்கினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, புதுக் கட்டையை ஒட்டுப்போடலாம். மண் உதிர்ந்தால் மறுபடி பூசலாம். கூரை நைந்தால் புதிதாக வேயலாம்.

இதே மாதிரி வீடுகளைக் கெடுத்தது எது தெரியுமா? நாம 'ஸ்ட்ராங்'னு நம்புற சிமென்ட். 20-ஆம் நூற்றாண்டில் பல பழைய மரச்சட்ட வீடுகளில் சுண்ணாம்புக்குப் பதிலா சிமென்ட் பூசினாங்க. சுண்ணாம்புப் பூச்சு வழியே ஈரம் வெளியேறிடும். சிமென்ட் விரிசலில் இறங்கிய தண்ணீரோ உள்ளேயே தங்கிடும். வெளியே சுவர் கச்சிதமா இருக்க, உள்ளே ஓக் மக்கிப்போகும். இப்போ அந்த சிமென்ட்டைப் பெயர்த்துட்டு மறுபடி சுண்ணாம்பு பூசுறாங்க.

நாம லேப்ல கியூபை உடைச்சு, எவ்வளவு லோடு தாங்கியதுன்னு ரெக்கார்டில் எழுதுறோம். கட்டடத்தில் உடைந்தால் எப்படிச் சரிசெய்வதுன்னு எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

அடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒரு கேள்வியைச் சேருங்க: "இது கெட்டால் எந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம்?" எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் சரி. பதில் இல்லைன்னா, டிசைன் இன்னும் முடியலைன்னு அர்த்தம்.