ஊர்மன்றத்திற்கு உலகம் எதற்கு?

வெளிநாட்டுக் கொள்கை தலைநகரத்தார் பாடு, ஊர்மன்றத்தின் வேலை சாக்கடையும் தெருவிளக்குமே என்று சொல்லும் அறிவாளர் நம்மிடையே பலர் உளர். சிற்றூரில் பத்துப்பேர் கூடி உலகப் பிரச்சினை ஒன்றைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றினால், இவர்கள் புன்முறுவல் பூப்பர். "இவர்கள் சொல்லியா வல்லரசுகள் கேட்கப் போகின்றன?" என்பர். அந்தக் கேள்விக்கு நியூசிலாந்து நாடு விடை தந்திருக்கிறது. அதை நாம் எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

ஆக்லாந்துத் துறைமுகத்தின் வடகரையில் டெவன்போர்ட் என்றொரு சிறு நகரம் உண்டு. அந்நாட்டுக் கடற்படைத் தளம் அமைந்திருப்பதும் அங்கேதான். 1981இல் அதன் நகர்மன்றம் தன் எல்லையை அணு ஆயுதமற்ற பகுதியாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் கிறைஸ்ட்சர்ச் மாநகரமும் அவ்வாறே அறிவித்தது. லாரி ராஸ் என்பார் தொடங்கிய குழுவும், ஆங்காங்கே எழுந்த சமாதானக் குழுக்களும் ஊர் ஊராகச் சென்று மன்றங்களின் கதவைத் தட்டின. 1984ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய பகுதிகளில் வாழ்ந்தனர்.

இவ்வறிவிப்புகளுக்குச் சட்டவலிமை ஏதும் இல்லை என்பதை நாம் மறைக்கவில்லை. அப்போதைய பிரதமர் மல்தூன் அமெரிக்கப் போர்க்கப்பல்களை வரவேற்றுக்கொண்டே இருந்தார். 1983இல் பீனிக்ஸ் என்னும் அணுவிசை நீர்மூழ்கிக் கப்பல் ஆக்லாந்துக்கு வந்தது. பாய்மரப் படகுகளிலும் தோணிகளிலும் மக்கள் சென்று அதன் வழியை மறித்தனர். கப்பல் உள்ளே வந்துவிட்டதே, பயன் என்ன என்று அன்றும் சிலர் கேட்டிருப்பர்.

பயன் வாக்குச்சாவடியில் தெரிந்தது. தன் ஊருக்காகக் கையெழுத்திட்டவன், தன் தொகுதி வேட்பாளரையும் அதே கேள்வி கேட்டான். 1984 ஜூனில் ஆளுங்கட்சி உறுப்பினரான மாரிலின் வேரிங் அம்மையார் இப்பிரச்சினையில் தம் கட்சியோடு முரண்பட்டார். மல்தூன் உடனே தேர்தலுக்கு அழைத்தார், தோற்றார். புதிய பிரதமர் டேவிட் லாங்கே அதற்குமுன் அணுவிசைக் கப்பல்கள் வகையில் நெகிழ்ந்துகொடுக்க எண்ணியவர். அவரது கட்சித் தொண்டர்களே அவரை நெகிழவிடவில்லை. இங்கே வழிகாட்டியவர் யார், வழிநடந்தவர் யார்?

1985இல் புக்கானன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வர விரும்பியது. அதில் அணு ஆயுதம் உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல அமெரிக்கா மறுத்தது. எந்தக் கப்பலுக்கும் அதைச் சொல்வதில்லை என்பதே அதன் வழக்கம். சொல்லாத கப்பல் நுழைய முடியாது என்றது நியூசிலாந்து. அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள், பிரெஞ்சு அணுச்சோதனையை எதிர்க்கப் புறப்படவிருந்த ரெயின்போ வாரியர் கப்பலைப் பிரெஞ்சு உளவாளிகள் ஆக்லாந்துத் துறைமுகத்திலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். பெர்னாண்டோ பெரேரா என்னும் புகைப்படக்காரர் மாண்டார். 1986இல் அமெரிக்கா தன் பாதுகாப்புக் கடப்பாட்டை நிறுத்திக்கொண்டது. அச்சுறுத்தலுக்கு அந்நாடு பணிந்ததா? 1987இல் அணுவற்ற நாடு என்பதைச் சட்டமாகவே இயற்றிற்று! எதிர்த்து நின்ற கட்சியும் 1990இல் அதனை ஏற்றது. அச்சட்டம் இன்றும் நிலைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று மீண்டும் அங்கு வந்தபோதும், அச்சட்டத்திற்கு உட்பட்டே வந்தது.

இதனால் உலகத்து அணுகுண்டுகள் ஒழிந்துவிட்டனவா? இல்லை. பிரெஞ்சுச் சோதனைகள் 1996 வரை நடந்தன. ஆயினும் ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கை மாறியது. அந்த மாற்றம் நகர்மன்றக் கூடங்களில் தொடங்கியது. கொள்கை பிழைத்தால் குண்டு விழுவது ஊரின்மீது. ஊரைக் கேளாமல் அதை வகுப்பது என்ன நியாயம்?

தீர்மானம் நிறைவேற்றுவோரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. கூட்டம் கூடி, கண்டனம் முழங்கி, தேநீர் அருந்திக் கலைந்தால் எந்தக் கொள்கையும் மாறாது. டெவன்போர்ட் மக்கள் அறிவிப்போடு நின்றிருந்தால், அவர்களை யார் நினைத்திருப்பார்? அடுத்த ஊருக்குச் சென்றார்கள், வேட்பாளரைக் கேட்டார்கள், வென்ற பின்னும் காவல் இருந்தார்கள். புன்முறுவல் பூப்போருக்கு விடை சொல்லும் தகுதி இம்மூன்றையும் செய்வோர்க்கே உண்டு.