தூதா, ஒற்றா?

"பொது இடத்தில் பேசிய பேச்சுத்தானே, அதை இன்னும் நாலு பேர் கேட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று ஒரு வாதம் இப்போது பலமாக அடிபடுகிறது. கம்ப்யூட்டர் விளையாட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் குழாய் வைத்து இழுத்து, வேறோர் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாட்டைப் பற்றிய வாதம் இது. வாதிக்கிறவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பலர் இருபது வயதைத் தொடாத பையன்கள், கைக்காசைப் போட்டு விளையாட்டுக் களம் நடத்துகிறவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய வாதம் கெட்ட வாதம். அதை ஒரு கை பார்க்கத்தான் வேண்டும்.

கதை படிக்கிற நம்மவர்களில் பலருக்கு இந்தச் சமாசாரம் புதிதாக இருக்கலாம். ஆகவே முதலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 'மைன்கிராஃப்ட்' என்று ஒரு விளையாட்டு. 2009-ல் ஸ்வீடனில் பிறந்தது. சதுரக் கட்டிகளை வெட்டி எடுப்பதும், அவற்றை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டுவதும்தான் ஆட்டம். 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து ஆடவேண்டுமானால், எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் விழித்திருந்து எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் ஓட்டலில் காப்பி கொண்டுவருகிறவர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. வேலை ஏறக்குறைய அதுதான். ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டே திரையின் ஓரத்தில் எழுத்தால் பேசிக்கொள்கிறார்கள். எழுதிய வரி பத்து விநாடியில் மங்கி மறைந்துவிடும். விளையாட்டுப் பேச்சுக்கு ஏற்ற ஆயுசு!

இன்னோர் இடம் 'டிஸ்கார்ட்'. 2015-ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆட்டம் முடிந்த பிறகு ஆட்டக்காரர்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு மண்டபம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே எழுதிய வரி, யாராவது அழிக்கிற வரையில் அப்படியே நிற்கும். மூன்று வருஷத்துக்கு முந்திய பேச்சையும் ஒரு வார்த்தையைத் தட்டித் தேடி எடுத்துவிடலாம். இந்தக் களத்துக்கும் அந்த மண்டபத்துக்கும் நடுவே ஒரு நிரலை நிறுத்தி, இங்கே பேசியதை அங்கேயும் அங்கே பேசியதை இங்கேயும் சேர்ப்பிக்கச் சொல்கிறார்கள். அந்த நிரலுக்கு 'பாட்' என்று பெயராம். நான் தூதன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்தத் தூதனை வேலைக்கு அமர்த்துவது ஒரு மாலைப்பொழுதுக் காரியம். செலவும் இல்லை.

இதில் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற சாலையில் நல்லம்பள்ளி இருக்கிறது. அங்கே ஒரு பையன் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன பிரிவு. அண்ணன் தங்கியிருக்கும் அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது; தம்பியிடம் அம்மாவின் போன் மட்டும்தான், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம். அண்ணன் களத்தில் கோட்டை கட்டுகிறான். தம்பி நல்லம்பள்ளியில் பாயில் படுத்துக்கொண்டு, மண்டபத்தின் வழியாக, "அந்தச் சுவரை இடிச்சிடாதேண்ணா" என்று எழுதுகிறான். அந்த வரி கோட்டையின் நடுவே போய் முளைக்கிறது. பணமில்லாத பிள்ளையும் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ள ஒரு ஜன்னல்! இந்த ஜன்னலை அடைக்கச் சொல்கிற கட்சியில் நான் இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். ஜன்னல் இருப்பதே உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், அதற்கு ஜன்னல் என்றா பெயர்?

பொது இடம் என்கிறார்களே, அந்த வார்த்தையைச் சற்று உரித்துப் பார்ப்போம். நல்லம்பள்ளியின் செவ்வாய்க்கிழமைச் சந்தையைவிடப் பொதுவான இடம் உண்டா? ஆடு வாங்க வந்தவன், விற்க வந்தவன், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன், எல்லோரும் அங்கே நிற்கலாம். ஆனாலும் ஆட்டுக்காரன் எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறக்கிறான். வியாபாரிக்கு ஒரு பேச்சு. பக்கத்து ஊர் மாமனுக்கு ஒரு பேச்சு. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் எத்தனை தலைமுறைப் பழக்கம்! நூறு பேர் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிற வித்தை அது. எந்தக் கல்லூரியிலும் கற்காத வித்தை. ஒருவன் பொது இடத்தில் நிற்கிறான் என்பதால் அவனுடைய பேச்சு முழுவதும் ஊர்ச்சொத்து ஆகிவிடாது என்பதை அந்தத் துண்டு அறிந்திருக்கிறது. நம் சர்வர் நடத்துகிற தம்பிகள் அறியவில்லை.

சந்தையில் ஒரு புளியமரத்தின் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே பேசுகிறவர்களின் ஒவ்வொரு வார்த்தையையும் ஆள் பெயர் போட்டு எழுதி, அதைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டி வைத்தால் சந்தைக்காரர்கள் சும்மா விடுவார்களா? "பொது இடத்தில்தானே பேசினீர்கள்" என்று அவன் சொன்னால், அந்த மரத்திலேயே அவனைக் கட்டிவைத்திருப்பார்கள்.

இத்தனைக்கும் நம் தூதன் பேச்சை மட்டும் சுமந்து போவதில்லை. இன்னார் உள்ளே வந்தார், இன்னார் வெளியே போனார், இன்னார் உயரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று ஒவ்வொன்றையும் மண்டபத்தில் அறிவிக்கிறான். ஒவ்வோர் அறிவிப்பின் பக்கத்திலும் தேதியும் மணியும் தாமாகவே பதிந்துவிடுகின்றன. செத்த செய்தி வேடிக்கை, போகட்டும். வந்த செய்தியையும் போன செய்தியையும் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். இந்தப் பிள்ளை பள்ளிக்கூட நாளில் எத்தனை மணிக்கு வருகிறான், பரீட்சைக்கு முந்தின இரவு தூங்கினானா, எந்தக் கிழமைகளில் நடுராத்திரிக்கு மேலும் தனியாக விழித்திருக்கிறான் - அத்தனையும் அதில் இருக்கும். பெற்ற தாய் பார்த்திராத நாட்குறிப்பு. அதை மண்டபத்துக்குள் நுழைந்த எவனும் படிக்கலாம். நுழைவதற்குக் கட்டணம்கூட இல்லை.

அப்படி எவன் வந்து படிக்கப்போகிறான் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024-ல் 'ஸ்பை பெட்' என்று ஒரு வியாபாரம் வெளிச்சத்துக்கு வந்தது. 14,000-க்கு மேற்பட்ட டிஸ்கார்ட் மண்டபங்களில் ஜனங்கள் பேசியதைச் சேகரித்து வைத்திருப்பதாக அது தானே விளம்பரம் செய்துகொண்டது. காசு கொடுத்தால், ஒரு குறிப்பிட்ட ஆள் எந்தெந்த மண்டபத்தில் என்னென்ன பேசினான் என்று எடுத்துக் கொடுக்கும். அந்த ஆண்டு ஏப்ரலில் டிஸ்கார்ட் கம்பெனி அதன் கணக்குகளை முடக்கியது. மளிகைக் கடையில் பருப்பு நிறுப்பதுபோலப் பேச்சை நிறுத்து விற்றிருக்கிறார்கள்! பத்து விநாடியில் மறைந்திருக்க வேண்டிய பிள்ளைப் பேச்சை இப்படிப்பட்டவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுபோய் அடுக்கி வைத்தது யார்? களத்தை நடத்துகிற, கெடுதல் நினைக்காத, கெட்டிக்காரத் தம்பிதான்.

இன்னொரு விசித்திரம் பாருங்கள். பதின்மூன்று வயது ஆகாத பிள்ளை தன் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்பது டிஸ்கார்ட் வைத்திருக்கும் விதி. களத்திலோ எட்டு வயதுப் பிள்ளையும் ஓடியாடிக் கொண்டிருக்கலாம். தூதன் வயது கேட்பதில்லை. எல்லோருடைய பேச்சையும் அள்ளிக்கொண்டு போகிறான். பிள்ளை உள்ளே வரக்கூடாது. அவனுடைய வார்த்தை மட்டும் உள்ளே போய் வருஷக்கணக்கில் குடியிருக்கலாம்! தன் பேச்சு அங்கே கிடப்பதைப் போய்ப் பார்க்கவும் அவனுக்கு உரிமையில்லை, அழிக்கவும் உரிமையில்லை. 2023-ல் நம் பார்லிமெண்டு இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் குழந்தை என்கிறது; குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சொந்தக் காரியம், வீட்டுக் காரியம் என்றால் விலக்கும் தருகிறது. ஒரு பையன் நடத்தும் சர்வர் இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை வக்கீல்கள் பேசித் தீர்க்கட்டும். சட்டம் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் நியாயம் பார்ப்பது என்று நாம் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

நல்லம்பள்ளிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் அதியமான்கோட்டை இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, ஔவையைத் தொண்டைமானிடம் தூது அனுப்பினான் என்பது புறநானூறு படித்தவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் மாறுவேஷத்திலா போனாள்? இன்னாருடைய ஆள் என்று தெரியும்படியாகப் போய், பகைவனுடைய ஆயுதசாலையைப் பற்றி அவன் முகத்துக்கு நேரேதான் பேசினாள். வள்ளுவரும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. ஒற்றாடலை 59-ஆம் அதிகாரத்தில் வைத்தார்; தூதை 69-ஆம் அதிகாரத்துக்குத் தள்ளினார். தூதன் தன்னைச் சொல்லிக்கொண்டு வருகிறவன். ஒற்றன் மறைந்து நின்று கேட்கிறவன். ஒற்றனும் அரசனுக்குத் தேவை என்றுதான் வள்ளுவர் சொன்னார். ஆனால் அது ராஜ்யம், பகை, படை. சதுரக் கட்டி அடுக்குகிற பிள்ளை யாருடைய ராஜ்யத்துக்குப் பகைவன்?

தங்கள் கருவிக்கு ஒற்று வேலை தெரியாது என்று தம்பிகள் சாதிக்க முடியாது. சர்வர் நடத்துகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு துணைநிரலில், இரண்டு பேர் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் ரகசியச் செய்திகளை அதிகாரி உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு வசதி உண்டு. அதன் பெயர் 'சோஷியல் ஸ்பை'. துண்டுக்கு அடியிலும் கண்! பெயர் வைத்தவர்கள் ஒளித்துப் பேசவில்லை என்ற அளவில் அவர்களைப் பாராட்டலாம்.

ஒற்று வேலையை விட்டுத் தூது வேலையை மட்டும் செய்வதற்கு என்ன கஷ்டம்? ஒன்றுமில்லை. பொதுப் பேச்சை மட்டும் கடத்தி, கூட்டாளிகளின் தனிப்பேச்சைக் களத்திலேயே விட்டுவிடலாம். வந்தார் போனார் பட்டியலை நிறுத்திவிடலாம். அதை நிறுத்தினால் உலகத்தில் ஒருவருக்கும் நஷ்டமில்லை. மண்டபத்து அறையை நாளுக்கொரு முறை கூட்டிப் பெருக்கிவிடலாம். மண்டபத்திலிருந்து பேசுகிறவன் யார் என்பதைத் தெரிந்துகொள்ளவும் உபாயம் இருக்கிறது: களத்தில் அவனுக்கு ஒரு நாலு இலக்க எண்ணைக் கொடுத்து, அதை மண்டபத்தில் வந்து தூதனிடம் சொல்லச் செய்வது. இந்த அடையாளம் கேட்காமல் விட்டால், அண்ணனுடைய பெயரைப் போட்டுக்கொண்டு அந்நியன் ஒருவன், "தம்பி, வீட்டில் யார் இருக்காங்க?" என்று கேட்பான். நல்லம்பள்ளித் தம்பியும் பதில் சொல்வான். அண்ணன் கேட்டால் சொல்லாமல் இருப்பானா?

இன்னொரு குழாயையும் சொல்லியாக வேண்டும். சர்வரின் அதிகாரக் கட்டளைகளையே மண்டபத்தின் ஓர் அறையிலிருந்து பிறப்பிக்கும் வசதி உண்டு. அந்த அறையைத் தாழிட மறந்தால் வழிப்போக்கன் எஜமானன் ஆகிவிடுவான். இதில் மட்டும் தம்பிகள் மிகவும் உஷார். தங்கள் சாவியைப் பத்திரப்படுத்த அவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

"வாசலிலேயே எழுதிப் போட்டால் பிள்ளைகள் பேசமாட்டார்கள், களம் வெறிச்சோடிவிடும்" என்று கடைசியாக ஒரு முறையீடு. கேட்பது தெரிந்தால் பேசமாட்டார்கள் என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்தவர்கள், இத்தனை நேரம் பொது இடம் பொது இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எதற்காக? உண்மையில் பிள்ளைகள் பேசத்தான் போகிறார்கள். கொஞ்சம் பார்த்துப் பேசுவார்கள்; வீட்டு விலாசத்தை எழுதப்போகிறவன் ஒரு கணம் கையை இழுத்துக்கொள்வான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வம்பு.

மைன்கிராஃப்டில் களத்துக்குள் நுழைவதற்கு முன்பே, சர்வரின் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். தம்பிகள் அதை வர்ண எழுத்துக்களால் தங்கள் பெருமையை எழுதி நிரப்புகிறார்கள். முதல் வரி பெருமைக்கே இருக்கட்டும். இரண்டாவது வரியில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் புரிகிறபடி, எந்த எழுத்தில் வேண்டுமானாலும் எழுதுங்கள்: "இங்கே நீ பேசுவது டிஸ்கார்டுக்கும் போகிறது, அங்கே அது மறையாது."