புட்டியின் மேல் அறுகோணம்

மருந்துக் கடைக்குச் சென்று சத்துப் பொருள்கள் வைத்திருக்கும் அலமாரியைப் பாருங்கள். வைட்டமின் மாத்திரை, மீன் எண்ணெய்க் குளிகை, மஞ்சள் சாரம், கொலாஜன் தூள் என்று பொருள்கள் பலவாக இருக்கும். ஆனால் உறையின் மேலுள்ள சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்: தேன்கூடு போல் அடுக்கிய அறுகோணங்கள், மூலைகளில் சில உருண்டைகள், அவற்றை இணைக்கும் கோடுகள். இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

விஞ்ஞானத்திலிருந்து அழகு பிறக்கக் கூடாது என்பது என் கட்சியன்று. 1951ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த தேசியப் பெருவிழாவுக்காக, படிகங்களின் அணு அமைப்பைக் கொண்டு துணிகளுக்கும் சுவர்த் தாள்களுக்கும் கோலங்கள் வரைந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த படிக ஆராய்ச்சியாளர் ஹெலன் மெகா அம்மையார் அதற்கு ஆலோசகராக இருந்தார். இன்சுலின் கோலம் என்றால் அது இன்சுலின் படிகத்தின் படத்திலிருந்தே பிறந்தது, பெயரும் அதுவே. கலைஞர் வண்ணத்தை மாற்றலாம். அமைப்பின் உண்மையை மாற்றலாகாது. கலையும் விஞ்ஞானமும் கைகோக்க வேண்டிய முறை இதுவன்றோ?

நம் கடைப் புட்டிகளின் கதை வேறு. வைட்டமின் சி மூலக்கூற்றில் இருப்பது ஐந்து மூலை வளையம்: நான்கு கார்பன், ஓர் ஆக்ஸிஜன். அதன் உறையில் அறுகோணத்துக்கு என்ன வேலை? மீன் எண்ணெயில் நாம் நாடும் ஒமேகா-3 அமிலங்களில் வளையமே இல்லை. அவை 20, 22 கார்பன்கள் கொண்ட நீண்ட சங்கிலிகள். மூன்று இரட்டைக் கோடுகளோடு தனி அறுகோணம் வரைந்தால் அது பென்சீன். பென்சீனோ புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு! ஆரோக்கியம் விற்கும் பெட்டியின் மேல் அதையா வரைவது?

கொலாஜன் தூளின் உறையில் இரட்டைத் திருகு வரைகிறார்களே, அதுதான் எனக்குப் பெருவருத்தம். இரட்டைத் திருகு டி.என்.ஏ.வின் வடிவம். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. அதை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் நாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ட உண்மையை, நம் நாட்டுக் கடையில் விற்கும் பொருளின் மேலேயே தவறாக வரைவதா?

“அலங்காரம்தானே, இதில் என்ன பெரிய குற்றம்?” என்று சிலர் கேட்கலாம். உறையின் சித்திரம் வெறும் அலங்காரமன்று. அது ஒரு பேச்சு. “இது ஆராய்ச்சிசாலையில் பிறந்தது, நம்பி வாங்கு” என்று அது சொல்கிறது. இத்தகைய பொருள்கள் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று’ என்று உறையில் அச்சிட வேண்டும் என 2016ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. எழுத்து மறுப்பதைச் சித்திரம் பெரிதாக ஆமோதித்தால், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டி எதை நம்புவார்? ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து முழங்கால் வலிக்கு அந்தப் புட்டியை வாங்குபவர் அவர்தாம். மூலக்கூற்றைச் சரியாகவே வரைந்தாலும், உள்ளே எவ்வளவு இருக்கிறது, உடலுக்கு என்ன செய்யும் என்பதை அந்தப் படம் சொல்லாது. தவறாக வரைந்தாலோ, விஞ்ஞானத்தின் வேடத்தைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. மஞ்சளின் குர்குமினில் இரண்டு அறுகோணங்கள் உண்டு. ஏழு கார்பன் கொண்ட பாலம் அவற்றை இணைக்கிறது. அதை அடுக்கினால் சேலைக்கரை போல் அமையும். காரட்டின் பீட்டா கரோட்டினுக்கு இரு முனைகளிலும் வளையம், இடையில் நீண்ட சங்கிலி. வைட்டமின் டி உண்டாகும்போது, தோலில் படும் வெயில் நான்கு வளையங்களில் ஒன்றைத் திறந்துவிடுகிறது. திறந்த அந்த வளையத்தை விட அழகான சித்திரம் எதற்கு? புள்ளி வைத்து, கணக்குத் தப்பாமல் கோடு இழுப்பது நம் வீட்டு வாசல்களில் பழகிய கலைதானே! ஒரு புள்ளி பிசகினால் கோலம் கெடும் என்பதை நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் சங்கத்தில் இரசாயனம் பயில்வோரும் இருக்கிறார்கள். சித்திரக்கலை பயில்வோரும் இருக்கிறார்கள். நாளை இத்தகைய உறைகளை வரையும் வேலை நம்மில் சிலருக்கு வரும். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த மூலக்கூறு? அது இந்தப் புட்டிக்குள் இருக்கிறதா? அதன் பெயரைப் படத்தின் கீழ் எழுத முதலாளி சம்மதிப்பாரா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் வரையுங்கள். இல்லையெனில் ஒரு மஞ்சள் கிழங்கையோ நெல்லிக்கனியையோ வரைந்து கொடுங்கள். பாட்டிக்கு அதுவாவது தெரிந்த பொருள்; அதில் வஞ்சனை இல்லை.