இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள்!

அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீடு. பிளஸ் டூ முடித்த பெண். டாக்டராக வேண்டும் என்று ஆசை. நீட் பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டது. மறுபடி எழுத ஒரு வருஷம் கேட்கிறாள்.

"வயசு ஏறுதே! மாப்பிள்ளை பாருங்கள்" என்கிறாள் அத்தை.

எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜாவே இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, அவருக்கு இருபது வயது கடந்துவிட்டது! 1912-ல் டாக்டரானார். கல்யாணமா? அது 1914-ல் நடந்தது.

இன்று வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நீட் எழுத மேல் வயது வரம்பு 2022-ல் நீங்கியது. புதுக்கோட்டையிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தனிப் பயிற்சிக்குப் பணம் இல்லையா? வாஸ்தவம்தான். வீட்டிலேயே படிக்கட்டும். ஆனால் படிக்க விட வேண்டுமே! தண்ணீர்க் குடத்தை இந்த ஒரு வருஷம் தம்பி தூக்கட்டும்.