பில்லில் ஒரு வரி கேளுங்கள்



பேங்கில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு கார் ரிப்பேரில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கணக்குச் சரிபார்ப்பு விஷயம்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டீரிங், சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் என்று காரில் எதைத் தொட்டாலும், ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் சரியான பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதை பில்லில் ஒரு வரியாக எழுதித் தந்தால்தான் அந்த ரிப்பேர் முடிந்தது. அதுவரை முடியவில்லை.

முதலில் இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டீரிங் வீலுக்குப் பின்னால், காலத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன சாமான் அது. வீலை நாம் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்பியிருக்கிறோம் என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை நம்பித்தான் இ.எஸ்.சி. என்ற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் வேலை செய்கிறது. டிரைவர் எந்தப் பக்கம் போக நினைக்கிறார் என்பதை இந்தச் சென்சார் சொல்கிறது. கார் உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இன்னொரு சென்சார் சொல்கிறது. இரண்டையும் நொடிக்கு 25 தடவை ஒப்பிட்டுப் பார்ப்பதாக, இதை உருவாக்கிய பாஷ் கம்பெனி சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கார் வழுக்குகிறது என்று முடிவு செய்து, ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் பிடிக்கும்.

1995-ல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்த சமாசாரம் இது. 1997-ல் அதே கம்பெனியின் ஏ-கிளாஸ் கார் ஸ்வீடனில் ஒரு சோதனையில் கவிழ்ந்தது. சாலையில் குறுக்கே மான் வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவோமே, அந்த மாதிரி சோதனை. அதற்குப் பிறகு அந்த மாடல் முழுவதற்கும் இதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். நம் நாட்டில் 2023 அக்டோபரில் பாரத் என்.சி.ஏ.பி. நட்சத்திர மதிப்பீடு தொடங்கியது. அதில் நல்ல நட்சத்திரம் வாங்க இ.எஸ்.சி. வேண்டும். ஆக, முன்பு பணக்காரக் காரில் இருந்தது இன்று நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் லோன் போட்டு வாங்கும் காரிலும் வந்துவிட்டது. சாமான் வந்த வேகத்தில் அதைப் பராமரிக்கும் பழக்கம் வரவில்லை. என் குறை அதுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: ஓப்பனிங் பேலன்ஸ். அன்றைக்குப் போட்ட என்ட்ரி எல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஓப்பனிங் பேலன்ஸ் தப்பாக இருந்தால் சாயங்காலம் எதுவும் டேலி ஆகாது. சென்சாரின் பூஜ்யம் என்பது அந்த ஓப்பனிங் பேலன்ஸ்தான். கார் நேராகப் போகும்போது சென்சார் 8 டிகிரி என்று காட்டினால், அதன்பின் போடும் கணக்கு அத்தனையும் அந்த 8-ஐச் சுமந்துகொண்டுதான் போகும்.

தப்பு பெரிதாக இருந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, இ.எஸ்.சி.யை நிறுத்திவிட்டு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போடும். அது ஒருவகையில் நல்லது, நமக்குத் தெரிந்துவிடுகிறது. தப்பு சின்னதாக இருந்தால்தான் வம்பு. விளக்கு எரியாது. ஆனால் ஒரு பக்க வளைவில் கொஞ்சம் முன்னதாகவும், மறுபக்க வளைவில் கொஞ்சம் தாமதமாகவும் அது வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது.

நான் இருப்பது புனேயில். போன மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததில் டை ராட் எண்ட் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றி, அலைன்மென்ட்டும் செய்து கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தால் கார் நேராகப் போகிறது, ஸ்டீரிங் மட்டும் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. திரும்பக் கொண்டுபோனேன். அரை மணி நேரத்தில் "ஜாலா சாஹேப்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டீரிங் இப்போது நேராக இருந்தது. ஆனால் ரிவர்ஸ் கேமராவைப் போட்டால், ஸ்டீரிங் நேராக இருக்கும்போதே திரையில் கோடுகள் லேசாக வளைந்து தெரிந்தன.

விசாரித்தால், ஸ்டீரிங் வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். டை ராடைத் திருகிச் சரிசெய்ய வேண்டியதை, வீலைத் தள்ளி மாட்டிக் கண்ணுக்கு நேராக்கிவிட்டார்கள். ஸ்கேனர் போட்டுக் காட்டச் சொன்னேன். கார் நேராக நிற்கும்போது மைனஸ் 8. "காஹி ஹோத் நாஹி" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஒன்றும் ஆகாதாம்! நான் நகரவில்லை. வீலைப் பழைய இடத்தில் மாட்டி, அலைன்மென்ட்டை ஒழுங்காகச் செய்து, அப்புறம் சென்சாரை ஜீரோ செய்தார்கள். அந்தக் கடைசி வேலைக்குப் பிடித்த நேரம் பதினைந்து நிமிஷம்கூட இல்லை.

நிற்க. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "இப்போது வரும் கார்கள் தானாகவே கற்றுக்கொள்ளும் சார், கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் போதும்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது முழுப் பொய்யில்லை. பேட்டரி கழற்றி மாட்டினால் சில கார்களில் விளக்கு எரியும், ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் அணைந்துவிடும். சின்ன வித்தியாசத்தைச் சில கார்கள் ஓட ஓடத் தாமே சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் எந்தக் கார், எவ்வளவு வரைக்கும் என்பது அந்தந்தக் கம்பெனியின் ரிப்பேர் மேனுவலில் இருக்கிறது. மெக்கானிக்கின் தைரியத்தில் இல்லை. தானாகச் சரியாகியிருந்தால் ஸ்கேனரில் பூஜ்யம் காட்டட்டுமே. காட்ட என்ன தயக்கம்?

பேங்கில் ஒருவர் என்ட்ரி போட்டால் இன்னொருவர் பார்த்து பாஸ் செய்ய வேண்டும். போட்டவர் யோக்கியமில்லை என்பதால் அல்ல, மனிதன் என்பதால். வொர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் செய்கிறவர் வேறு, ஸ்கேனர் வைத்திருக்கிறவர் வேறு, பில் போடுகிறவர் வேறு. நடுவில் இந்த வேலை யாருடையதும் இல்லை. பில்லில் ஒரு வரி வந்துவிட்டால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பாகிவிடுவார். இன்சூரன்ஸில் செய்யும் விபத்து ரிப்பேருக்கும் இதேதான். எஸ்டிமேட்டிலேயே அந்த வரி இருக்கட்டும். பம்பருக்குப் பணம் கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி, இதையும் ரிப்பேரின் பாகமாக ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

வெளிமாநிலத்தில் இருக்கிற நமக்கு இதில் ஒரு கூடுதல் கஷ்டம். மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்கு மராத்தியோ இந்தியோ வந்துவிடும். வொர்க்‌ஷாப்பில் தர்க்கம் பண்ணுகிற அளவுக்கு வராது. "சரி, விடுங்க" என்று கிளம்பிவிடுகிறோம். அதற்காகச் சில சங்கதிகள்:

1. "ஸ்டீரிங் ஆங்கிள் சென்சார் ஜீரோ கேலிப்ரேஷன்" என்று கேளுங்கள். எல்லா ஊரிலும் இதே பெயர்தான். "ஸ்கேனர் மே ஜீரோ திகாயியே" என்றால் வேலை முடிந்தது.

2. வரிசை முக்கியம். முதலில் டயர் காற்று, அடுத்து அலைன்மென்ட், அதற்குப் பிறகுதான் சென்சார். சமதளத்தில், சக்கரமும் ஸ்டீரிங்கும் நேராக இருக்கும்போது செய்ய வேண்டும். கோணல் அலைன்மென்ட்டை மறைக்க ஜீரோ செய்வது, டேலி ஆகாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவது மாதிரி.

3. அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் உள்ள பிரின்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. சந்தையில் கிடைக்கும் மலிவான கோட் ரீடர் பெரும்பாலும் எஞ்சினை மட்டும் படிக்கும், இதைத் தொடாது. சின்ன கராஜ் என்றால் தகுந்த ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

5. நாமே பார்க்க ஒரு வழி: ஸ்டீரிங்கோடு சேர்ந்து வளையும் ரிவர்ஸ் கேமராக் கோடுகள் உள்ள கார் என்றால், ஸ்டீரிங் நேராக இருக்கையில் அவையும் நேராக இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. இல்லாவிட்டால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நம்மில் எத்தனை பேர் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குக் கிளம்புகிறோம்! புனேயிலிருந்து சேலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கம்பட்கி காட், ஊர் நெருங்கும்போது தொப்பூர் கணவாய். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஈரமான வளைவில் கார் வழுக்க ஆரம்பித்தால், நமக்குப் புரிவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டிய சாமான் இது. அது தப்பான கணக்கை வைத்துக்கொண்டு அங்கே வரக்கூடாது.

ஊருக்குக் கிளம்பும் முன் முறுக்கு டப்பாவையும் ஃபாஸ்டேக் பேலன்ஸையும் பார்க்கிற மாதிரி, கடைசி சர்வீஸ் பில்லையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். ஸ்டீரிங்கிலோ அலைன்மென்ட்டிலோ கை வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்த வரி இல்லை என்றால், இன்னும் நேரம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.