மலையேறும் பஸ்ஸுக்கு எந்த எஞ்சின்?

பழைய பஸ் வண்டியொன்றின் எஞ்சின் தேய்ந்துபோனால், அதற்குப் பதிலாக எதைப் பூட்டுவது என்பது உரிமையாளரின் சொந்த விஷயம் என்றே பலரும் கருதுகின்றனர். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் செல்லும் பாதைகளில் இக்கருத்து செல்லாது. தோட்டத் தொழிலாளி தன் குழந்தையை டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும், ஆசிரியர் பாடசாலைக்குப் போவதும், விவசாயி சந்தைக்குப் போய் வருவதும் இந்த வண்டிகளிலேயே. எஞ்சினைத் தெரிவு செய்பவர் ஐம்பது உயிர்களுக்குப் பொறுப்பேற்கிறார்.

2025 மே 11ஆந் தேதி, கொத்மலையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மலைப்பாதை சிறு குறையையும் மன்னிப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எஞ்சின் வாங்கச் செல்வோர் இரண்டே கேள்விகளைக் கேட்கின்றனர்: விலை என்ன? குதிரைவலு எவ்வளவு? இவ்விரண்டும் போதா. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பிலுள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டீசல் பம்பைச் சரிசெய்யாவிடின் கரும்புகை கக்கும். உச்ச வேகத்தில் காட்டும் குதிரைவலுவைவிட, மெதுவாகச் சுழலும்போதே சுமையை இழுக்கும் முறுக்குவிசைதான் நமக்கு வேண்டும். அதிவேகமாகச் சுழலும் சிறிய லொறி எஞ்சினைப் பழைய கியர்ப்பெட்டியுடனும் டிபரன்ஷலுடனும் இணைத்தால், அது சமவெளியில் ஓடும், ஏற்றத்தில் திணறும். மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் குறைவாகையால், ரேடியேட்டரும் விசிறியும் புதிய எஞ்சினின் சூட்டைத் தாங்குமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கமே பெரிய பரீட்சை. பிரேக்குக்கு வேண்டிய காற்றை நிரப்பும் கொம்பிரசரை இயக்குவது எஞ்சினே. வேறு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சினில் சிறிய கொம்பிரசரே இருக்கலாம்; சிலவற்றில் அது இல்லாமல் வெற்றிடப் பம்பு மாத்திரம் இருக்கலாம். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கும்போது காற்றழுத்தம் போதிய விரைவில் ஏறாவிட்டால் கதி என்ன? புகைக்குழாயை அடைத்து வேகத்தைத் தணிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் பழைய வண்டியில் இருந்திருந்தால், அதனைப் புதிய எஞ்சினிலும் பொருத்தியே தீரவேண்டும்.

ஆகவே எமது முடிவு இதுதான்: வண்டியில் முன்பிருந்த அதே வகை எஞ்சினை முறையாகப் புதுப்பித்துப் பூட்டுவதே முதல் வழி. வேறு வகையை நாடுவது, அதற்கு உதிரிப்பாகம் கிடைக்காதபோது மட்டுமே. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958இல் தோன்றிய பின் லண்டனிலிருந்து வந்த பழைய இரட்டைத்தட்டு பஸ்களை நினைத்துப் பாருங்கள். தோற்றத்தில் அவை இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒரு வகைக்கு ஏ.ஈ.சி.யின் 9.6 லீற்றர் எஞ்சின். மற்றதற்கு லேலண்டின் 9.8 லீற்றர் எஞ்சின். அளவில் அண்மித்தவை என்பதற்காக ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்திவிடுமா?

சட்டத்தையும் மறவாதீர்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இன்ன தேவைக்கு என்று கூறி, வணிகரின் அனுபவத்தை நம்பி வாங்குவோருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயரைச் சொல்லி, "அந்த எஞ்சினைத் தாருங்கள்" என்று மட்டும் கேட்போர் அப்பாதுகாப்பை இழக்க நேரிடும். ஆகையால் பஞ்சிகாவத்தைக் கடையில் நின்றாலும், "54 ஆசன பஸ், டிக்கோயா மலைப்பாதை, காற்றுப் பிரேக்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்துங்கள். திருத்தாத பதிவு, விபத்துக்குப் பின் காப்புறுதித் தகராறுக்கு வித்தாகும்.

இது உரிமையாளருக்கு மட்டும் சொல்லும் புத்திமதியன்று. பொதுப் பணத்தில் ஓடும் மலைநாட்டு டிப்போக்களுக்கு எஞ்சின் வழங்கும்போதும் இதே அளவுகோல் வேண்டும். சமவெளிக்குப் போதுமானது மலைக்கும் போதும் என்ற எண்ணம் ஒழிய வேண்டும். எமது பிரதிநிதிகள் இதனை மன்றத்தில் கேட்கட்டும். பிரயாணிகள் சங்கங்கள் டிப்போ வாயிலில் கேட்கட்டும். கட்டணம் செலுத்தி ஏறும் தொழிலாளி பிச்சை கேட்கவில்லை. பத்திரமாக வீடு திரும்பும் உரிமையையே கேட்கிறான்.